எந்த ஓரத்தில் போகச் சொல்கிறீர்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையின் வாசகர் பகுதியில் ஓர் அன்பர் கடிதம் எழுதியிருந்தார். விராலிமலைப் பக்கம் தினமும் காரில் வேலைக்குப் போய்வருபவராம். சாயங்காலம் புதுக்கோட்டைக்குத் திரும்பும்போது அன்னவாசல் பக்கத்தில் மெயின் ரோட்டை விட்டு இறங்கிக் கிராமத்து ரோட்டில் குறுக்கு வழியாக வருவாராம். அங்கே பெண்கள் பத்துப் பதினைந்து பேர் சைக்கிளில் கூட்டமாக ரோட்டை அடைத்துக்கொண்டு போகிறார்கள், ஹாரன் அடித்தாலும் ஓரமாக ஒதுங்குவதில்லை, இவர்களுக்குப் பொழுதுபோக்க வேறு இடம் கிடைக்கவில்லையா என்று கேட்டிருந்தார்.

அந்தப் பெண்களில் நானும் ஒருத்தி. கடிதத்தை எங்கள் ஊர் டீக்கடையில் யாரோ சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். அன்று சாயங்காலமே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு நாள் மனசு ஆறவில்லை. பதில் எழுத வேண்டும் என்று மற்றவர்களும் சொன்னார்கள். நான் அங்கன்வாடிப் பணியாளர், ரிஜிஸ்டர் எழுதிப் பழகிய கை என்பதால் பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.

நாங்கள் பதினொரு பேர். ஒருவர் தையல் தைக்கிறார், ஒருவர் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறார், இரண்டு பேர் மாடு வைத்துப் பால் ஊற்றுகிறார்கள், மற்றவர்கள் நூறு நாள் வேலைக்கும் வெள்ளாமை வேலைக்கும் போகிறவர்கள். மூத்தவருக்கு வயது 61. பொழுதுபோக்கு என்று அன்பர் எழுதிய சொல்தான் எங்களை அதிகம் சுட்டது. 2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்த பிறகு எங்கள் ஊரிலும் வீடு வீடாக வந்து சுகரும் பிரஷரும் பார்த்தார்கள். எங்களில் ஏழு பேருக்குச் சர்க்கரை இருப்பது அப்போதுதான் தெரிந்தது. மாத்திரை கொண்டுவந்து தருகிற தங்கச்சி, "அக்கா, தினமும் நடங்க" என்றது. நாற்று நட்டும் களை எடுத்தும் தேய்ந்த முழங்காலை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் நடப்பது? சைக்கிள் என்றால் உடம்புப் பாரம் சீட்டில் உட்கார்ந்துவிடும், முழங்காலுக்கு அவ்வளவு நோவு இல்லை. அதுதான் ஆரம்பம். இரண்டு வருடமாக இப்படிச் சேர்ந்து ஓட்டுகிறோம். என் சர்க்கரை குறைந்திருக்கிறது. தையல்கார மதினிக்கு மாத்திரையில் ஒன்றைக் குறைத்திருக்கிறார்கள்.

ஏன் சாயங்காலம், காலையில் போகலாமே என்று கேட்பவர்கள் ஒரு நாள் எங்கள் வீட்டில் வந்து இருந்து பார்க்க வேண்டும். காலையில் பால் கறக்க வேண்டும், சோறு ஆக்க வேண்டும், பிள்ளைகளைக் கிளப்ப வேண்டும், எட்டு மணிக்குள் வேலைக்குப் போயாக வேண்டும். சாயங்காலம் ஐந்தேகாலுக்கு மேல் ஏழு மணிக்குள் கிடைக்கிற நேரம்தான் எங்களுக்கென்று இருக்கிறது. பெண்களுக்குத்தான் பஸ் இலவசமாச்சே, சைக்கிள் எதற்கு என்றும் கேட்கிறார்கள். பஸ்ஸில் உட்கார்ந்து போனால் சர்க்கரை குறையுமா?

பிள்ளையார் கோவில் ஆலமரத்தடியில் கிளம்புவோம். கண்மாய்க் கரை வழியாகப் போய், தைலமரக் காட்டைத் தாண்டி, சித்தன்னவாசல் மலை கண்ணுக்குத் தெரிகிற திருப்பம் வரைக்கும் ஏழு கிலோமீட்டர். திரும்பி ஏழு. போகும்போது பதினொரு பேர். வரும்போது பதினைந்து பேராகிவிடுவோம். அதனால் அன்பர் பதினைந்து என்று எண்ணியதில் தப்பில்லை. கூடச் சேருகிற நான்கு பேர் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள். ஸ்பெஷல் கிளாஸ் ஆறு மணிக்குத்தான் முடியும். கார்த்திகை, மார்கழியில் அதற்குள் மசங்கிவிடும். தைலமரக் காட்டுக்குள் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு ஒரு தெருவிளக்கு கிடையாது. பாலத்துக் கட்டையில் குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அதற்குப் பயந்து போன வருடம் ஓர் அம்மா தன் பெண்ணை ஸ்பெஷல் கிளாஸுக்கே வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். கணக்கில் எண்பதுக்கு மேல் வாங்கும் பிள்ளை. நாங்கள் போய்ப் பேசினோம். ஆறு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் நாங்கள் நிற்போம், எங்கள் நடுவில் வைத்துக் கூட்டிக்கொண்டு வருவோம் என்று சொன்ன பிறகுதான் அனுப்பினார். பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள்தான் அந்தப் பிள்ளைகள் ஓட்டுவது. எங்களில் ஐந்து பேர் ஓட்டுவதும், படிப்பை முடித்துவிட்டுப் போன எங்கள் பிள்ளைகள் விட்டுப்போன அதே சைக்கிள்தான். அன்பர் ஹாரன் அடித்துக்கொண்டு பின்னால் வந்த அந்தக் கூட்டத்தின் நடுவில் யார் இருந்தார்கள் என்று அவருக்குத் தெரியட்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

சரி, எங்கள் பக்கத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் மூன்று பேர், நான்கு பேர் சேர்ந்தாற்போலப் பேசிக்கொண்டே போனது உண்டு. திருப்பத்திலும் அப்படிப் போயிருக்கிறோம். அது ஆபத்து, அன்பர் சொன்னது அந்த அளவில் நியாயம். ஒரு வருடமாக அந்தப் பழக்கம் இல்லை. இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து போவதில்லை, திருப்பம் வந்தால் ஒற்றை வரிசை என்று நாங்களே வைத்துக்கொண்டோம்.

ஆனால் 'ஓரமாகப் போங்கள்' என்கிறாரே, அந்த ஓரம் எங்கே இருக்கிறது? அதைத்தான் இந்தக் கடிதத்தில் முக்கியமாகக் கேட்க நினைத்தேன்.

வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று, அங்கன்வாடியில் குழந்தைகளின் உயரம் பார்க்கிற டேப்பை எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை போய் ரோட்டை அளந்தேன். ஒற்றைத் தட ரோடு என்றால் தார் அகலம் 3.75 மீட்டர் என்பது பொதுவாக வைக்கிற அளவு. எங்கள் ரோட்டில் ஓரம் கடித்துத் தின்றது போல உடைந்திருப்பதால் பல இடங்களில் 3 மீட்டர் 62 சென்டிமீட்டர்தான் மிஞ்சியிருக்கிறது. டீக்கடையில் நின்ற டிப்பர் லாரியை டிரைவர் தம்பியிடம் கேட்டுக்கொண்டு அளந்தேன், 2 மீட்டர் 45. என் சைக்கிள் ஹேண்டில்பார் 58 சென்டிமீட்டர். தாரின் விளிம்பிலேயே சக்கரத்தை உருட்ட முடியாது, ஒரு சாணாவது உள்ளே தள்ளித்தான் ஓட்ட முடியும். அந்தச் சாணையும் ஹேண்டில்பாரில் பாதியையும் சேர்த்தால் விளிம்பிலிருந்து 51 சென்டிமீட்டர் எனக்கு வேண்டும். லாரிக்காரரும் அந்தப் பக்க விளிம்பிலிருந்து ஓர் அடி உள்ளே தள்ளித்தான் ஓட்டுவார். எல்லாவற்றையும் கழித்துப் பாருங்கள், என் முழங்கைக்கும் லாரியின் பக்கப் பலகைக்கும் நடுவில் 36 சென்டிமீட்டர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கோடு போடுகிற ஸ்கேலை விட ஐந்தாறு சென்டிமீட்டர் கூட. அந்த இடைவெளியில் 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் ஜல்லி ஏற்றிய வண்டி போகும்போது காற்று முதலில் வெளியே தள்ளும், அடுத்த நொடி உள்ளே இழுக்கும். சேலை முந்தானை அந்தப் பக்கமே பறக்கும். தைலமரக் கட்டை ஏற்றிய லாரி என்றால் பலகைக்கு வெளியேயும் கட்டை நீட்டிக்கொண்டிருக்கும்.

அதனால்தான் நேரான ரோட்டில் நாங்கள் இரண்டிரண்டு பேராகப் போகிறோம். திமிர் என்று நினைப்பவர்களுக்கு இதைப் பொறுமையாகச் சொல்ல விரும்புகிறேன். ஒற்றை வரிசையில் போனால் பின்னால் வருகிறவருக்கு இடம் இருப்பது போலத் தெரியும். நுழைந்துவிடலாம் என்று தோன்றும். நுழைந்த பிறகுதான் இடம் இல்லை என்று தெரியும், அப்போது அவருக்குப் பிரேக் போடவும் நேரம் இருக்காது. இரண்டு பேராகப் போனால் இடம் இல்லை என்பது தூரத்திலேயே தெரிந்துவிடும், வேகத்தைக் குறைத்துக்கொண்டு வருவார். அப்புறம் இன்னொன்று. பதினொரு சைக்கிளும் ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளி விட்டுப் போனால் வரிசை 40 மீட்டர் நீளும். இரண்டிரண்டாகப் போனால் அதில் பாதிதான். முந்துகிற வண்டி எதிர்ப்பக்கத்தில் இருக்க வேண்டிய நேரமும் குறையும்.

வழிவிடாமல் போகிறோம் என்பதும் சரியில்லை. ஏழு கிலோமீட்டரில் வண்டிகள் விலகிப் போகிற அளவுக்கு மண் சமமாக இருக்கிற இடங்கள் பதினான்கை எண்ணி வைத்திருக்கிறோம். கலிங்குப் பாலத்துக்கு அந்தண்டை, தண்ணீர் டேங்க் வாசல், களத்து மேடு, புளியமரத்தடி என்று எல்லாருக்கும் மனப்பாடம். பின்னால் வண்டி சத்தம் கேட்டால் கடைசியில் வருகிறவர் "வண்டி!" என்று குரல் கொடுப்பார். முன்னால் போகிறவர் கையைத் தூக்குவார். அடுத்த இடம் வந்ததும் எல்லாரும் இறங்கி நின்றுவிடுவோம். அரைக் கிலோமீட்டருக்கு ஓர் இடம் வந்துவிடும். நாங்கள் போகிற வேகத்துக்கு, எவ்வளவு மோசமாக மாட்டினாலும் வண்டிக்காரர் காத்திருப்பது இரண்டரை நிமிஷம். பெரும்பாலும் ஒரு நிமிஷம், ஒன்றேகால் நிமிஷம். ஆட்டு மந்தை வந்தால் நிற்கிறார்கள். ஜல்லிக்கட்டு மாதங்களில் காளையை இறக்கி நடத்திக்கொண்டு போனால் மரியாதையாக இன்ஜினையே நிறுத்திவிட்டு நிற்கிறார்கள். எங்களுக்கு ஒரு நிமிஷம் நிற்கக் கூடாதா?

நிற்க முடியாத அவசரம் என்றால், வண்டியின் ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்கிப் போகலாம். நான்கு சக்கரம் உள்ள வண்டி ஒரு சக்கரத்தை இறக்கினால் குலுங்கும், அவ்வளவுதான். இரண்டு சக்கரத்தில் போகிறவர் இறங்கினால் என்ன ஆகும் என்பதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

போன கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை. மணி ஆறே கால் இருக்கும். இரண்டு நாள் பெய்த மழை அன்றுதான் விட்டிருந்தது. ஓர மண் கரைந்து கண்மாய்க்குள் போயிருந்தது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தோம். எனக்கு முன்னால் தையல்கார மதினி. எதிரே ஒரு கார் வந்தது. ஹெட்லைட்டோடு பம்பரில் இன்னும் இரண்டு வெள்ளை விளக்கு. டிம் பண்ணவே இல்லை. "டிம்! டிம்!" என்று முன்னால் இருந்தவர்கள் கத்தினார்கள், கண்ணாடி ஏற்றிய காருக்குள் அது எப்படிக் கேட்கும்? என் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் என் கையே எனக்குத் தெரியவில்லை. வெளிச்சத்தில் எல்லாம் வெள்ளையாகிவிட்டது. மதினி இடது பக்கம் ஒதுங்கியிருக்கிறார். 'டக்' என்று ஒரு சத்தம். முன் சக்கரம் தாரிலிருந்து கீழே இறங்கி ரிம் அடிவாங்கிய சத்தம் அது. அப்போதும் விழவில்லை. மேலே ஏறிவிடலாம் என்று ஹேண்டிலை லேசாக வலது பக்கம் திருப்பினார். டயர் ஏறவில்லை, தாரின் விளிம்பை உரசிக்கொண்டே நான்கைந்து அடி போனது. சக்கரம் அங்கே சிக்கிக்கொள்ள, உடம்பு மட்டும் முன்னால் போய்விட்டது. வலது கையை ஊன்றி விழுந்தார். கார் நிற்கவில்லை. இருட்டில் அவருடைய கண்ணாடி வளையல் துண்டுகளை அந்தப் பிள்ளைகள் டார்ச் அடித்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள், யார் டயரிலாவது குத்திவிடும் என்று. அந்தக் காட்சி எனக்கு இன்னும் மறக்கவில்லை.

மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டு ஆறு வாரம். வலது கை இல்லாமல் தையல் மிஷினில் என்ன செய்வது? பொங்கலுக்குத் தைக்க வந்த ரவிக்கைத் துணிகளை எல்லாம் திருப்பிக் கொடுத்தார். வருடத்தில் அவருக்கு நாலு காசு சேருவதே அந்த ஒரு மாதத்தில்தான்.

மறுநாள் போய் அந்த இடத்தை அளந்தேன். தாருக்கும் மண்ணுக்கும் 11 சென்டிமீட்டர் இறக்கம். படிக்கட்டு மாதிரி. ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழைய தாருக்கு மேலேயே புதுத் தாரைக் கொட்டுகிறார்கள். ரோடு உயர்ந்துகொண்டே போகிறது, பக்கத்து மண் அப்படியே கிடக்கிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டார். ஊருக்குள் வீடுகள் பள்ளமாகிப் போவதைத் தடுக்க என்று அப்போது பேசினார்கள். கிராமத்து ரோட்டில் சைக்கிள்காரருக்கும் நடந்து போகிறவருக்கும் அந்த உத்தரவு அதைவிட அவசியம். ரோடு போட்டுப் போட்டோ எடுத்தாயிற்று என்று போய்விடாமல், இரண்டு பக்கமும் கிராவல் மண்ணைத் தாரின் மட்டத்துக்குக் கொட்டி ரோலர் ஓட்டிவிட்டுப் போக வேண்டும். மழை முடிந்ததும் ஒருமுறை அரித்துப்போன இடத்தை நிரப்ப வேண்டும். சாலைப் பணியாளர்கள் மண்வெட்டியோடு ஓரம் வெட்டிச் சரிசெய்துகொண்டிருப்பதை என் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். இப்போது எங்கள் பக்கம் அப்படி ஆளைப் பார்த்தே வருடக்கணக்காகிறது.

எங்கள் ஊர்க்காரர்களும் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. உளுந்தையும் கடலையையும் ரோட்டில் காயப்போடுகிறோம், களம் போதவில்லை, புரிகிறது. வண்டி ஏறாமல் இருக்கச் சுற்றிலும் கல் வைக்கிறோம். அள்ளிக்கொண்டு போகும்போது அந்தக் கல்லை அப்படியே விட்டுவிட்டுப் போகலாமா? மசங்கின நேரத்தில் சைக்கிள்காரருக்கு அது கண்ணில் படாது.

எங்களைப் பார்க்கவே முடியவில்லை என்று சொல்லக் கூடாது என்பதற்காக எங்களால் ஆனதைச் செய்திருக்கிறோம். புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் பின்னால் மினுக்குகிற சிவப்பு விளக்கு வாங்கினோம், ஒன்று 120 ரூபாய். முன்னால் டார்ச் லைட்டைப் பழைய டியூப் ரப்பரால் ஹேண்டிலில் கட்டியிருக்கிறோம். லாரியில் ஒட்டுகிற சிவப்பு வெள்ளைப் பட்டையை வாங்கித் துண்டு துண்டாக வெட்டி மட்கார்டிலும் பெடலிலும் ஒட்டினோம். பெடலில் ஒட்டியதுதான் நல்ல பலன். மேலும் கீழும் அசைவதால், வருவது சைக்கிள் என்று தூரத்திலேயே தெரிகிறது என்று டவுன் பஸ் டிரைவரே சொன்னார். பிள்ளைகளின் சைக்கிளுக்கும் எங்கள் கைக்காசில் ஒட்டிக் கொடுத்தோம். என் அப்பா காலத்தில் விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டினால் போலீஸ் பிடிக்கும் என்று பயப்படுவார்கள். டைனமோவைத் தட்டிவிட்டால் டயரில் உரசி 'ர்ர்ர்' என்று ஓடும், நின்றால் விளக்கும் அணைந்துவிடும். அந்த மங்கல் விளக்கே அன்றைக்குப் போதுமாக இருந்தது, எதிரே வருவது மாட்டு வண்டி என்பதால்.

இப்போது எதிரே வருகிற வண்டிக்காரர்களிடம் கேட்பது ஒன்றுதான். டிம் பண்ணுங்கள். வலது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கக்கூட வேண்டியதில்லை, ஒரு விரல் போதும். எதிரே லாரி வந்தால் டிம் பண்ணுகிறீர்கள், ஏனென்றால் அவரும் பதிலுக்குக் கண்ணில் அடிப்பார். சைக்கிளில் வருபவரால் திருப்பி அடிக்க முடியாது என்பதால்தானே அப்படியே வருகிறீர்கள்? கண் கூசினால் திரும்பப் பார்வை தெளிய இரண்டு மூன்று நொடியாவது ஆகும், வயதானவர்களுக்கு இன்னும் கூட. 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் போய்விடும். அந்த மூன்று நொடியில் நாங்கள் ஓட்டுவது பார்வையில்லாமல்தான்.

2022-ல் நம் நாட்டில் ரோட்டு விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கையை என் மகள் போனில் எடுத்துக் காட்டினாள். அதில் 4,800-க்கும் மேற்பட்டவர்கள் சைக்கிளில் போனவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் எல்லாமாகச் சேர்த்து 17,884 பேர். மதினியைப் போலக் கை ஒடிந்து, வேலையை இழந்து, வழக்கும் இல்லாமல் வீட்டுக்கு வந்தவர்கள் எந்தக் கணக்கிலும் வர மாட்டார்கள்.

அன்றைக்கு மதினியைத் தூக்கிக்கொண்டு போனது வைக்கோல் ஏற்றி வந்த ஒரு டிராக்டர்காரர். முதலில் தயங்கினார். "ஏத்திட்டுப் போயிருவேன் அக்கா, அப்புறம் போலீஸு கேஸுன்னு என்னைய அலைய விடுவாங்களே" என்றார். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோதே, அடிபட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். அதேபோல, 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில் விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்பதும் எங்களுக்கு அங்கே போன பிறகுதான் தெரிந்தது. உங்கள் பத்திரிகையில் இந்த இரண்டையும் பெட்டி கட்டி அடிக்கடி போட்டால் புண்ணியமாகப் போகும். கிராமத்து ரோட்டில் முதலில் வந்து நிற்பது ஆம்புலன்ஸாக இருக்காது, இப்படி ஒரு டிராக்டராகத்தான் இருக்கும்.

அன்பர் எழுதியதில் இன்னொரு வரி. 'இந்தப் பெண்களுக்கு இந்த வயதில் சைக்கிள் தேவையா' என்று. அதற்குப் பதில் சொல்லாமல் முடிக்க மனசில்லை. 1991-ல் எங்கள் மாவட்டத்தில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தந்த அறிவொளி இயக்கம் தொடங்கியபோது எனக்கு இருபது வயது. ஷீலா ராணி சுங்கத் அம்மா கலெக்டர். ராத்திரி அரிக்கேன் விளக்கில் எழுத்துப் படிப்போம், சாயங்காலம் பொட்டலில் சைக்கிள் பழகுவோம். லேடீஸ் சைக்கிள் கிடைக்காது. ஆம்பிளைகள் ஓட்டுகிற பார் வைத்த சைக்கிள்தான், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட்டுவோம். விழுந்து விழுந்து முழங்காலில் தோல் இருக்காது. லட்சம் பெண்கள் கற்றுக்கொண்டதாக அப்போது சொன்னார்கள். எங்கள் குழுவில் மூத்தவர், அந்த 61 வயதுக்காரர், அன்றைக்குக் கைக்குழந்தையை முன் பாரில் துண்டு கட்டி உட்கார வைத்துக்கொண்டு, பின்னால் இரண்டு குடம் தண்ணீரோடு மூன்று கிலோமீட்டர் மிதித்தவர். கடைத்திண்ணையில் உட்கார்ந்து அன்று எங்களைக் கேலி பேசியவர்கள் நிறையப் பேர். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டேதான் ஓட்டினோம். முப்பது வருடத்துக்கு மேல் இந்த ரோட்டில் எங்கள் சைக்கிள் ஓடுகிறது. தார் போடுவதற்கு முன்னால் இருந்து ஓடுகிறது. காருக்கு வழி வேண்டும் என்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. எங்களுக்கும் அது வழி.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் இல்லாமல் சுருக்குவதாக இருந்தால் எதை வேண்டுமானாலும் எடுத்துவிடுங்கள், கடைசியாக எழுதுகிற இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

ஆறே முக்கால் டவுன் பஸ்ஸை ஓட்டிவருகிற டிரைவர் தம்பி ஒருவர் இருக்கிறார். பெயர் தெரியாது, மீசையில் லேசாக நரை விழுந்திருக்கும். தைலமரக் காட்டுக்குள் எங்கள் சிவப்பு விளக்கு தெரிந்ததும் தூரத்திலேயே ஒரே ஒரு முறை ஹாரனைத் தொட்டு எடுப்பார், பயமுறுத்துவதற்கு இல்லை, வருகிறேன் என்று சொல்வதற்கு. ஹெட்லைட்டை டிம்மில் போட்டு, எங்களுக்குப் பின்னால் நான்கைந்து வண்டி தூரம் இடைவெளி விட்டு மெதுவாக வருவார். அந்த வெளிச்சத்தில் எங்களுக்கு முன்னால் உள்ள பள்ளம் மேடெல்லாம் தெரியும், பிள்ளைகள் தைரியமாக மிதிப்பார்கள். தண்ணீர் டேங்க் வந்ததும் நாங்கள் இறங்கி நிற்போம். கடந்து போகும்போது கண்டக்டர் படியில் நின்று "போயிட்டு வாங்க அத்தாச்சி!" என்று கை காட்டுவார். பஸ் நிறைய ஆட்கள் இருப்பார்கள், எல்லாருக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம் இருக்கும். ஒரு நாளும் அந்த பஸ் எங்களால் நேரம் தப்பியதில்லை. கட்டுப் பிரித்த பிறகு மதினி முதல் நாள் சைக்கிள் எடுத்து வந்தபோது, டேங்க் வாசலில் அந்தத் தம்பி பஸ்ஸை நிறுத்தி, "கை சரியாயிருச்சாக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார். அவர் இந்தப் பத்திரிகை படிப்பவராக இருந்தால், பதினொரு பேரும் நான்கு பிள்ளைகளும் அவருக்கு நன்றி சொல்லச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர்,
அன்னவாசல் ஒன்றியம்,
புதுக்கோட்டை மாவட்டம்.